எல்ஃப், ஃபே நாவல்கள்: எப்படிப் படிப்பது, எப்படி எடைபோடுவது

'ஃபேரி' என்ற சொல்லுக்கு நாம் பள்ளியில் படித்த தமிழ்ச்சொல் தேவதை. வெள்ளை உடுப்பு, முதுகில் சிறகு, கையில் மந்திரக்கோல், கேட்டதும் கிடைக்கும் வரம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு ஃபே நாவலை, அதாவது ஃபேரி இனத்தாரைப் பற்றிய நாவலைத் திறந்தால் முதல் நூறு பக்கத்திலேயே தடுமாறிவிடுவோம். வரம் கொடுப்பது தெய்வம். ஃபே வரம் கொடுப்பதில்லை, கொடுக்கல் வாங்கல் செய்கிறது. ஒரு கை கொடுக்கும்போதே மறு கை வாங்கும். வாங்கப்போவது என்ன என்பதை முன்கூட்டிச் சொல்லும் கட்டாயம் அதற்குக் கிடையாது.

ஆகவே இந்த வகை நாவலைப் படிக்கும்போது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதற்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள்? கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த மரபு என்று கண்டுபிடியுங்கள்

எல்ஃபும் ஃபேயும் ஒரே மண்ணில் பிறந்த சொற்கள் அல்ல. எல்ஃப், மனிதரைப்போல் தோன்றும் ஒரு மந்திர இனத்துக்கான ஜெர்மானிய மொழிகளின் சொல். ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'எட்டா' என்ற புராணக்கதை நூலில், ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகானவர்கள், இருள் எல்ஃப்கள் கீலைவிடக் கறுத்தவர்கள் என்று ஒரு சின்னக் குறிப்பு வருகிறது. இன்று நாவல்களிலும் விளையாட்டுகளிலும் உலவும் 'டார்க் எல்ஃப்' கூட்டத்துக்கு மூல வேர் அங்கேதான் இருக்கிறது. பழைய இங்கிலாந்திலோ எல்ஃப் என்றால் நோய். திடீரென்று சுருக்கென்று குத்தும் வலியை எல்ஃப் எய்த அம்பு என்று நம்பி மந்திரம் ஓதினார்கள். அந்த மந்திரத்தின் வரிகள் சுவடியில் இன்றும் இருக்கின்றன.

ஃபே, லத்தீனில் விதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மக்கள் மேடுகளுக்குள்ளும் ஏரிகளுக்கடியிலும் வாழ்வதாகச் சொன்ன ஓர் இனத்தின் மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐரிஷ்காரர்கள் அந்த மேடுகளுக்குச் சொல்வது 'ஷீ'. எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'சித்தே' என்று வாசித்துவிடாதீர்கள். மக்கள் இவர்களைப் பெயர் சொல்லி அழைக்கப் பயந்தார்கள். 'நல்ல மக்கள்', 'நல்ல அண்டைவீட்டார்' என்றே சொன்னார்கள். கடித்தால் உயிர் போகும் பாம்பை நல்ல பாம்பு என்று சொல்கிற நமக்கு இந்தப் பயம் விளக்காமலே புரியும்.

சிறகு பிற்காலச் சேர்க்கை. 18-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓவியர்கள் வரைந்து வரைந்து, விக்டோரியா காலத்தில் ஃபேரி என்றாலே பூவில் உட்காரும் குட்டி உருவம் என்றாகிவிட்டது. அதை மறுத்து எல்ஃபை மறுபடி உயரமானவனாக, துயரம் சுமப்பவனாக, மனிதனைவிடப் பழையவனாக ஆக்கியவர் ஆங்கில நாவலாசிரியர் டோல்கின். அவருடைய 'ஹாபிட்' 1937-லும், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-55-லும் வந்தன. அதன்பின் வந்த எல்ஃப் நாவல்களில் பாதி அவரைப் பின்பற்றுகின்றன, மீதி அவரிடமிருந்து தப்பிக்கப் பார்க்கின்றன.

கையில் உள்ள புத்தகம் எந்த மரபு என்பதைப் பின்னட்டையையும் முதல் அத்தியாயத்தையும் வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். முன்பக்கத்தில் வரைபடம், நீண்ட பெயர்கள், குள்ளர்கள், ஒரு புனைமொழி இருந்தால் டோல்கின் வழி. 'சீலி' (நல்ல ஃபே), 'அன்சீலி' (தீய ஃபே) என்ற ஸ்காட்டிஷ் சொற்களும் அரசவைகளும் வந்தால் ஃபே வழி. ட்ரோல்கள் என்ற பூதங்கள், வாள்கள், வைகிங் கால வடகடல் என்றால் நார்ஸ் வழி, அதாவது பழைய ஸ்காண்டிநேவிய வழி. இது ஏன் முதல் படி? ஒரு மரபின் விதியை வைத்து இன்னொன்றை அளந்தால் தீர்ப்பு தப்பாகிவிடும். ஃபே கதைகளில் இரும்பு அவர்களைச் சுடும். டோல்கினின் எல்ஃப் இரும்புக்குப் பயப்படுவதில்லை, வாளே செய்கிறான். அதை ஒரு குறையாக எழுதும் விமர்சனங்கள் வருகின்றன. அது குறையல்ல, அந்த மரபில் அப்படி ஒரு விதியே இல்லை.

இரண்டாம் படி: நாவலில் தொடங்காதீர்கள், பாட்டில் தொடங்குங்கள்

ஐந்து புத்தகத் தொடரின் முதல் தொகுதியை வாங்கி எழுநூறு பக்கத்தோடு மல்லுக்கட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அதற்கு முன்னால் அரை மணி நேரம் 'டாம் லின்' என்ற ஸ்காட்டிஷ் கதைப்பாடலைப் படியுங்கள். ஃபிரான்சிஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் இது 39-வது. முதல் வடிவத்தில் நான்கடிக் கண்ணிகள் நாற்பதுக்குச் சற்று மேல். 1549-லேயே இந்தக் கதையின் பெயர் அச்சில் வந்துவிட்டது. இந்த வகை நாவலின் எலும்புக்கூடு முழுதும் இதற்குள் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் செல்கர்க் அருகே, எட்ரிக், யாரோ ஆறுகள் சேருமிடத்தில் கார்ட்டர்ஹா என்ற காடு. கன்னிப்பெண்கள் அங்கே போகக்கூடாது என்பது பாட்டின் முதல் எச்சரிக்கை. ஜேனட் போகிறாள், ரோஜாவைப் பறிக்கிறாள். பறித்ததும் டாம் லின் எதிரே நிற்கிறான்: என் அனுமதி இல்லாமல் ஏன் பறித்தாய்? பிறகு அவள் கருவுற்று மறுபடி அங்கே வரும்போதுதான் அவன் தன் கதையைச் சொல்கிறான். அவன் பிறப்பால் மனிதன். வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தபோது ஃபேரி அரசி பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நாடு சுகமான நாடுதான். ஆனால் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும், கொழுகொழுவென்று இருக்கும் தன்னையே இம்முறை கொடுத்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

மீட்க வழி உண்டு. ஹாலோவீன் நள்ளிரவில் மைல்ஸ் கிராஸ் என்ற இடத்தில் ஃபேரிகளின் குதிரை ஊர்வலம் வரும். கறுப்புக் குதிரையை விட்டுவிட வேண்டும், பழுப்பை விட்டுவிட வேண்டும், பால்வெள்ளைக் குதிரையில் வருபவனை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் அவள் கைக்குள்ளேயே பாம்பாவான், கரடியாவான், சிங்கமாவான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவான், கடைசியில் எரியும் கங்காவான். எது ஆனாலும் விடக்கூடாது. கங்கானதும் கிணற்றில் எறிந்துவிட வேண்டும். வெளியே வரும் நிர்வாண மனிதனைத் தன் பச்சைப் போர்வையால் மூட வேண்டும். ஜேனட் அப்படியே செய்து ஜெயிக்கிறாள். அப்போது புதருக்குள்ளிருந்து அரசியின் குரல் வருகிறது: இது தெரிந்திருந்தால் உன் இரண்டு கண்ணையும் பிடுங்கி மரக்கண் வைத்திருப்பேனே, டாம் லின்!

பாட்டு இதோடு முடிகிறது. அரசி திருந்தவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுடைய சோகப் பின்கதை ஏதும் சொல்லப்படவில்லை. எல்லைக்குட்பட்ட ஓர் இடம், மீறல், நாள் குறித்த கப்பம், கையால் பிடித்து நிற்கும் துணிச்சல், மனித மனத்துக்கு எட்டாத ஓர் எதிராளி. ஒரு ஃபே நாவலை எடைபோடும்போது இந்த ஐந்தையும் தேடுங்கள். எத்தனை நல்ல நாவல்கள் டாம் லின்னைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கின்றன என்பதும் அப்போது தெரியும்.

அடுத்து 'ஹாபிட்' நாவலின் 8, 9-ம் அத்தியாயங்கள். பலர் இதை டிராகன் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். மிர்க்வுட் காட்டில் பசியோடு தவிக்கும் குள்ளர்கள் எல்ஃப்களின் விருந்து வெளிச்சத்துக்குள் காலெடுத்து வைத்ததும் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்துபோவதைக் கவனியுங்கள். மறுபடி வேறிடத்தில் வெளிச்சம், மறுபடி அணைகிறது. அது பழைய ஃபேரிக் காடேதான். டோல்கின் அந்தப் பழைய பயத்தை முழுதாக விட்டுவிடவில்லை.

மூன்றாவதாக டன்சேனி பிரபு 1924-ல் எழுதிய 'த கிங் ஆஃப் எல்ஃப்லாண்ட்ஸ் டாட்டர்'. சுமார் இருநூறு, இருநூற்றைம்பது பக்கம். ஆங்கிலம் பைபிள் நடையில் நீண்ட வாக்கியங்களாக ஓடும். முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், காது பழகிவிடும். டன்சேனி 1957-ல் இறந்துவிட்டதால் இந்தியாவில் அறுபதாண்டுக் காப்புரிமை முடிந்துவிட்டது, இலவசமாகவே படிக்கலாம். இந்த மூன்றையும் முடித்த பிறகு இன்றைய நாவல் எதை எடுத்தாலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்காது.

மூன்றாம் படி: நான்கு பத்தித் தாள்

நோட்டில் ஒரு பக்கத்தை நான்காகப் பிரித்து விதி, பேரம், விலை, காலம் என்று தலைப்பிடுங்கள். நாவலில் ஃபே உலகைப் பற்றி ஏதாவது ஒரு விதி சொல்லப்பட்டால், அல்லது நடந்து காட்டப்பட்டால், பக்க எண்ணோடு முதல் பத்தியில் குறியுங்கள். அங்கே சாப்பிட்டால் திரும்ப முடியாது. நன்றி சொன்னால் கடன்பட்டதாகும். முழுப் பெயரைச் சொன்னால் பிடி கிடைக்கும். யாராவது எதையாவது கொடுத்து எதையாவது வாங்கினால் இரண்டாம் பத்தி. அதற்கான விலை கதையில் எப்போது வசூலாகிறதோ அப்போது மூன்றாம் பத்தியில் அந்தப் பக்கம். நான்காவது, இரு உலகங்களுக்கும் இடையே கடந்த நாட்கள்.

முதல் 50 பக்கத்தில் மூன்று நான்கு விதியாவது சேர்ந்திருக்க வேண்டும். நூறு பக்கம் கடந்தும் முதல் பத்தி காலியாக இருந்தால், அது மனிதர்களின் கதைக்கு எல்ஃபின் கூரான காதை மட்டும் ஒட்டிய நாவல். புத்தகம் முடியும்போது இரண்டாம் பத்தியில் பத்துப் பேரமும் மூன்றாம் பத்தியில் இரண்டே விலையும் இருந்தால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். தொடரின் முதல் நூல் என்றால் மட்டும் பாக்கியை அடுத்த நூலுக்குக் கொண்டுபோகலாம்.

பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவை முன்னாலேயே படிக்காதீர்கள். நல்ல எழுத்தாளர் அந்தச் சொற்களைக் கதைக்குள்ளேயே கற்றுத் தருவார். உச்சரிப்புக் குறிப்பு இருந்தால் அதை மட்டும் பாருங்கள். 'கிளாமர்' என்றால் இங்கே கவர்ச்சி அல்ல, கண்கட்டு. 'சேஞ்ச்லிங்' என்றால் மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் இடத்தில் விட்டுச்செல்லும் மாற்றுக் குழந்தை. 'டீண்ட்', 'டைத்' இரண்டும் கப்பம், பத்தில் ஒரு பங்கு. 'கியாஸ்' என்பது ஒருவர் மேல் விதிக்கப்பட்ட தடை, மீறினால் அழிவு. 'சவின்' என்று ஒலிக்கும் ஐரிஷ் பண்டிகை அக்டோபர் 31 மாலையில் தொடங்குகிறது, கதவு திறக்கும் நாள். இந்த அளவு தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

நான்காம் படி: ஃபே பேசினால் மெதுவாகப் படியுங்கள்

ஃபேக்குப் பொய் சொல்ல வராது என்ற விதி இன்றைய நாவல்களில் மிகப் பரவலானது. நாட்டார் கதைகள் எல்லாவற்றிலும் அது இல்லை. ஆனால் வேர் பழையது. 12-ம் நூற்றாண்டின் வேல்ஸில் கெரால்ட் என்ற பாதிரியார், எலிடோர் என்ற சிறுவன் ஒரு குட்டி மனிதர் நாட்டுக்குப் போய்வந்த கதையை எழுதினார். அந்த மக்களுக்குப் பொய்யைப்போல் வெறுப்பான வேறொன்று இல்லை என்கிறார். பையன் தாய் கேட்டதற்காக ஒரு தங்கப் பந்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். வாசலில் தடுக்கி விழுகிறான், பந்து போய்விடுகிறது. பிறகு எவ்வளவு தேடியும் வழி அகப்படவில்லை.

பொய் சொல்லாத எதிராளி நேர்மையானவன் ஆகிவிடுவதில்லை. ஒரு ஃபே கதாபாத்திரம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "விடியும்வரை என் கையால் உனக்கு இங்கே ஒரு தீங்கும் வராது." கேட்க உறுதிமொழிபோல இருக்கிறது. பென்சிலை எடுத்துக் கோடு போடுங்கள். 'விடியும்வரை': விடிந்தபின்? 'என் கையால்': காவலாளியின் கையால்? 'உனக்கு': உன் தம்பிக்கு? 'இங்கே': வாசல்படியைத் தாண்டினால்? ஒரு வாக்கியத்தில் நான்கு ஓட்டை. திறமையான எழுத்தாளர் இவற்றில் ஒன்றை ஐம்பது பக்கம் கழித்துத் திறப்பார், நீங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்தச் சொல் அங்கேயே இருந்திருக்கும். திறமையில்லாதவர் வாக்கியத்தில் இல்லாத ஒரு ஓட்டையைப் பிறகு கண்டுபிடிப்பார். வாசகர் ஏமாந்த இரண்டு விதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் விமர்சனத்தின் பாதி.

இதற்கு இன்றுவரை நல்ல பாடம் சுசானா கிளார்க் 2004-ல் எழுதிய 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்'. தொடக்கப் பகுதியிலேயே வருவதால் சொல்வதில் தவறில்லை. இறந்த இளம்பெண்ணை உயிர்ப்பிக்க ஒரு ஃபேரிக் கனவானை அழைக்கிறார் மந்திரவாதி. கூலி: அவள் வாழ்நாளில் பாதி. அவள் தொண்ணூற்று நான்கு வயதுவரை இருப்பாள், பின்பாதி போகட்டும் என்று மந்திரவாதி கணக்குப் போடுகிறார். ஃபேரி எடுத்துக்கொள்வது அவளுடைய இரவுகளை. ஒவ்வோர் இரவும் அவன் மாளிகையில் அவள் ஆடியாக வேண்டும், பகலில் அதைப் பற்றி வாய்திறந்தால் பொருளற்ற வேறு கதைகள்தான் வெளிவரும். 'பாதி' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லின் விலையை அந்தப் பெண் கொடுக்கிறாள், பேரம் பேசியவர் கொடுக்கவில்லை. நாவல் இந்த அநியாயத்தைக் கடைசிவரை மறப்பதில்லை.

ஹோலி பிளாக் 2018-ல் எழுதிய 'த க்ரூயல் பிரின்ஸ்' அதே விதியை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடிக்கிறது. ஃபே நாட்டில் வளரும் மனிதப்பெண்ணுக்கு வலிமை இல்லை, மந்திரம் இல்லை, ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வரும். விதி ஒன்றே, அது கதையை நகர்த்தும் விதம் வேறு.

ஐந்தாம் படி: காலக் கணக்கு

ஐரிஷ் வீரன் ஓஷீன் இளமை நாட்டில் சில காலம் இருந்ததாக நினைத்துத் திரும்பும்போது முந்நூறு ஆண்டுகள் போய்விட்டிருந்தன. கல்லைத் தூக்க உதவும்போது குதிரையிலிருந்து தரையில் விழுந்ததும் முதுமை முழுதும் ஒரே நொடியில் வந்து சேர்கிறது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் லோத்லோரியன் என்ற எல்ஃப் காட்டை விட்டுப் படகில் போகும்போது சாம் என்ற ஹாபிட், நிலாவைப் பார்த்துவிட்டு அங்கே எத்தனை நாள் இருந்தோம் என்று குழம்புவதும் இதன் சாயல்தான்.

நான்காம் பத்தியைக் கொண்டு சரிபாருங்கள். நாயகி ஃபே நாட்டில் மூன்று இரவு, இங்கே ஏழு ஆண்டு என்றால், வீட்டில் தாய்க்கு வயது கூடியிருக்கிறதா? வீடு யார் பெயரில் இருக்கிறது? காணாமல் போனவளை இறந்தவளாக எண்ணி எல்லாம் முடித்துவிட்டார்களா? காலம் பிசகியதாகச் சொல்லிவிட்டு அதன் துக்கத்தை எழுதாத நாவல், விலையைத் தள்ளுபடி செய்த நாவல்.

எங்கே பழுதாகிறது, ஏன்

மிக அடிக்கடி காணும் பழுது, ஐந்நூறு வயது இளவரசன் பத்தொன்பது வயதுப் பையனைப்போல் கோபித்துக்கொள்வது. வாசகர் ஈர்ப்படைய வேண்டும் என்பதால் எழுத்தாளர் வயதை எண்ணாக மட்டும் கொடுத்துவிட்டு மனதைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார். அவன் பேச்சில் ஐந்நூறு ஆண்டின் தடம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்: செத்துப்போன மொழியில் ஒரு சொல், எப்போதோ இறந்த ஒருவரை நேற்றுப் பார்த்ததுபோல் சொல்வது, அவசரமின்மை. டன்சேனியின் எல்ஃப் இளவரசி மனித ஊருக்கு மனைவியாக வந்தபின் அங்குள்ள வழிபாட்டைக் கற்றுக்கொள்ள முயல்கிறாள், அவளுக்கோ நட்சத்திரங்களை வணங்கத்தான் தோன்றுகிறது. கணவனுக்குக் கோபம் வருகிறது. அவள் முரண்டு பிடிக்கவில்லை, புரியவில்லை, அவ்வளவுதான். அந்நியத்தன்மையை இப்படித்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது, இரும்பு மறதி. ஃபேயை இரும்பு சுடும் என்று இருபதாம் பக்கத்தில் சொல்லிவிட்டு, இருநூறாம் பக்கத்தில் அவர்களை ரயில்வே ஸ்டேஷனில் சண்டையிட விடுவார்கள். தண்டவாளம், கைப்பிடி, கார், ஆணி, எல்லாம் என்ன ஆயிற்று? சுத்த இரும்பு மட்டும்தான் சுடும், எஃகு சுடாது என்று ஒரு வரி வந்தால்கூடப் போதும், ஆனால் அது முன்னாலேயே வர வேண்டும். இந்த விதியைக் கதையின் எஞ்சினாகவே ஆக்கியவர் போல் ஆண்டர்சன். 1954-ல் வந்த 'த ப்ரோக்கன் ஸ்வோர்ட்' நாவலில் எல்ஃப் பிரபு மனிதக் குழந்தையைத் திருடுவதற்குக் காரணமே எல்ஃப்களால் இரும்பைத் தொட முடியாது என்பதுதான். தொடக்கூடிய ஒருவன் வேண்டும். விதி, தேவை, திருட்டு, அழிவு என்று எல்லாம் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, அரசவைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பளிங்கு மண்டபம், பட்டு, விருந்து, நடனம் என்று பக்கம் பக்கமாக வரும். ஆனால் விதைப்பவர், சமைப்பவர், துவைப்பவர் யாரும் இல்லை. நாட்டார் கதைகளின் ஃபேக்கள் மனிதர்களை நம்பியே வாழ்ந்தார்கள்: பிரசவம் பார்க்க மருத்துவச்சியைக் கூட்டிப்போவார்கள், பால் கொடுக்கத் தாய்மாரைத் தூக்கிப்போவார்கள், வாசிக்க இசைக்காரர்களை அழைத்துப்போவார்கள், பாலையும் வெண்ணெயையும் திருடுவார்கள். அவ்வளவு சக்தி உள்ளவர்களுக்கு நம்மிடம் தேவை இருக்கிறது என்பதுதான் அந்தக் கதைகளை நம்பவைத்தது. இதை நினைவில் வைத்த நாவலாசிரியர் கதைக்காகப் பஞ்சப்பட மாட்டார். ஹோப் மிர்லீஸ் 1926-ல் எழுதிய 'லட்-இன்-த-மிஸ்ட்' இன்னும் ஒரு படி போகிறது. அந்த ஊரில் ஃபேரிப் பழம் கடத்தப்படுகிறது, ஆனால் அதன் பெயரைச் சொல்வதே அநாகரிகம் என்பதால் சட்டத்தின் கண்ணில் அது பழம் அல்ல, பட்டுத்துணி. ஒரு ஊரின் பொருளாதாரமும் கூச்சமும் ஒரே சட்டப் பிரிவில்!

சேஞ்ச்லிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1895-ல் அயர்லாந்தின் டிப்பரெரியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணை, இவள் என் மனைவி அல்ல, ஃபேரிகள் மாற்றிவைத்த உரு என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். நோயுற்ற குழந்தைகளும் இந்த நம்பிக்கையின் பேரால் துன்புறுத்தப்பட்டார்கள். ஆகவே மாற்றுக் குழந்தை வரும் நாவலில், தூக்கிச்செல்லப்பட்ட பிள்ளைக்கு இருக்கும் அக்கறையில் ஒரு பங்காவது விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தூக்கி எறிய ஒரு சாக்காக மட்டும் வைத்திருந்தால் அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்காதீர்கள்.

காதல் நாவல்களில் பழுது வேறிடத்தில். ஃபே மது, கண்கட்டு, பெயரைக் கொண்டு கட்டுப்படுத்துதல் ஆகியவை உள்ள உலகில் சம்மதம் என்றால் என்ன? நல்ல நாவல் அந்தக் கேள்வியை எடுத்து வைத்துப் பேசும். மற்றவை மயக்கத்தையே காதல் என்று காட்டிவிட்டு நகரும். அதேபோல், இளைஞர் அலமாரியில் இருக்கும் எல்லா ஃபே நாவலும் இளைஞர்க்கானவை அல்ல. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் பதிப்பாளரின் வயதுக் குறிப்பைப் பார்த்து, நடுவில் இரண்டு அத்தியாயத்தைத் தாங்களும் படித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய பழுது முடிவில் வரும். முந்நூறு பக்கம் கட்டிக் காத்த விதி, உச்சக்கட்டத்தில் 'அவள் அன்பு அவ்வளவு ஆழமானது' என்பதால் உடைந்துபோகும். டாம் லின் பாட்டிலும் அன்புதான் ஜெயிக்கிறது. ஆனால் ஜேனட்டின் அன்பு விதியை உடைக்கவில்லை, கொதிக்கும் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு விதியின் வழியாகவே நடந்து வெளியே வருகிறது.

எடைபோடுவது

முடித்த அன்றே எழுதாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்து இருபதுக்கு மதிப்பெண் போடலாம். விலைக்கு 8: பேரங்கள் வசூலாயினவா, கொடுக்க வேண்டியவர் கொடுத்தாரா. அந்நியத்தன்மைக்கு 5: எல்ஃபை எடுத்துவிட்டு ஒரு பணக்கார மனிதரை வைத்தால் கதை அப்படியே ஓடுமா? ஓடும் என்றால் ஒன்றுக்கு மேல் தராதீர்கள். மொழிக்கு 4: அழகை 'அழகு' என்ற சொல் இல்லாமல் காட்ட முடிந்ததா, ஃபேயின் பேச்சும் மனிதர் பேச்சும் வேறு வேறாகக் கேட்கின்றனவா. மனிதர்களுக்கு 3: இங்கே விட்டுப்போன வீடும் ஊரும் உயிரோடு இருக்கின்றனவா. 14-க்கு மேல் வந்தால் தொடரின் அடுத்த நூலை வாங்கலாம். 8-க்குக் கீழே என்றால் தொடரை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் வருபவற்றுக்கு நூலகம் இருக்கிறது.

விமர்சனம் எழுதுகிறீர்கள் என்றால் முந்நூறு சொல் போதும். முதலில் எந்த மரபு என்று ஒரு வரி. அடுத்து, முதல் நூறு பக்கத்துக்குள் வரும் ஒரு விதியையும் ஒரு பேரத்தையும் எடுத்து அது எப்படிக் கையாளப்பட்டது என்று சொல்லுங்கள். அதைத் தாண்டிய பகுதியிலிருந்து நிகழ்ச்சிகளைச் சொல்லாமல், விலை வசூலானதா என்பதை மட்டும் சொல்லலாம், அது முடிவைக் காட்டிக்கொடுக்காது. ஃபே பேசிய ஒரு வாக்கியத்தை, ஓட்டையைச் சுட்டிக்காட்டாமல், அப்படியே எடுத்துக் காட்டுங்கள். படிப்பவர் அந்த ஓட்டையைத் தானே கண்டுபிடிக்கட்டும்.